இரண்டாம் பதிப்புக்கு முன்: திருத்துவதா, விட்டுவைப்பதா, புதிதாக எழுதுவதா?

ஒரு வரலாற்று நூலின் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்ததும் பதிப்பாளரிடமிருந்து போன் வரும். “அடுத்த அச்சு போடப் போறோம் சார், ஏதாவது மாத்தணும்னா பத்து நாளுக்குள்ள அனுப்பிடுங்க.” ஜனவரிப் புத்தகக் காட்சி நெருங்கியிருக்கும். ஆசிரியர் சந்தோஷத்தில் நாலு எழுத்துப் பிழையை மட்டும் குறித்து அனுப்புவார். இல்லையென்றால் ஆர்வம் மிகுந்துபோய் முந்நூறு பக்கத்தையும் சிவப்பு மையால் நிரப்பி அனுப்புவார். இரண்டுக்கும் நடுவில் வேறு வழிகள் இருப்பது அந்தப் பத்து நாளில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நாவல் என்றால் இது பெரிய சிக்கலில்லை. வரலாற்று நூல் சான்றுகளின் மேல் நிற்பது. நூல் வந்த மறு வருஷமே வயலில் மண் வெட்டும்போது ஒரு செப்பேடு கிடைக்கலாம். அதுவரை பூட்டிக்கிடந்த ஆவணக் காப்பகம் திறக்கலாம். கல்வெட்டில் ஓர் எழுத்தை வேறு மாதிரி வாசித்தால் ஒரு மன்னனின் ஆட்சியாண்டே நகர்ந்துவிடும். திருத்தாமல் விட்டால் நூல் பழசாகிறது. திருத்தினால், பழைய பதிப்பின் 212ஆம் பக்கத்தை மேற்கோள் காட்டிய ஆய்வேடுகள் எல்லாம் அந்தரத்தில் தொங்குகின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை இடத்தில் திருத்தம் என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. திருத்தம் நூலின் வாதத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடவில்லையென்றால் மறுஅச்சிலேயே சரிசெய்துகொள்ளலாம். லேசாக உரசுகிறது என்றால் ஒரு பின்னுரை போதும். அடித்தளமே ஆடுகிறது என்றால் புதுப் பெயரில் புது நூலாக எழுதுவதுதான் நேர்மை. பழைய பெயரை வைத்துக்கொண்டு உள்ளே வாதத்தை மாற்றி, அட்டையில் ‘திருத்திய பதிப்பு’ என்று மட்டும் போடுவது எனக்கு ஒப்பாத வழி. பதிப்பாளருக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். ஏற்கெனவே விற்ற பெயர் என்பதால் விளம்பரச் செலவு குறைவு.

திருத்துவதில் டேவிட் ஹியூமை மிஞ்ச ஆள் இல்லை. இன்று அவரைத் தத்துவவாதியாகத்தான் படிக்கிறோம். அவர் காலத்தில் அவருக்குப் பேரும் பணமும் தந்தது இங்கிலாந்தின் வரலாறு. அதன் முதல் தொகுதி 1754இல் எடின்பரோவில் வெளிவந்தது. லண்டன் புத்தக வியாபாரி ஆண்ட்ரூ மில்லர், ஒரு வருஷத்தில் 45 பிரதிதான் போயிருக்கிறது என்று தன்னிடம் சொன்னதாக ஹியூமே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அடுத்தடுத்த தொகுதிகள் வந்த பிறகு விற்பனை சூடுபிடித்தது. அதற்கப்புறம் 1776 ஆகஸ்டில் சாகும்வரை மனிதர் திருத்துவதை நிறுத்தவேயில்லை. அவருடைய கடைசித் திருத்தங்களோடு எட்டுத் தொகுதிப் பதிப்பு 1778இல்தான் வந்தது. பதிப்புக்குப் பதிப்பு நூலைச் செம்மைப்படுத்த முடிவதுதான் அச்சுக்கலையால் ஓர் எழுத்தாளனுக்குக் கிடைக்கும் முதன்மையான நன்மை என்று அச்சக உரிமையாளர் வில்லியம் ஸ்ட்ராஹனுக்கு அவர் எழுதினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திருத்தங்கள் என்ன வகை? முதல் இரண்டு ஸ்டூவர்ட் மன்னர்களின் ஆட்சியைப் பற்றிய பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் செய்ததாகவும், அத்தனையும் டோரி பக்கமாகவே, அதாவது அரசருக்குச் சாதகமான பக்கமாகவே போனதாகவும் ஹியூம் ஒளிக்காமல் சொல்கிறார். ஒவ்வொரு திருத்தமும் தனியாகப் பார்த்தால் சிறியது: ஒரு பெயரடை குறைகிறது, ஒரு பழி இளகுகிறது. நூறும் சேர்ந்தால் நூல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. 1754 பதிப்பை வைத்திருந்தவரும் 1778 பதிப்பை வாங்கியவரும் அந்த இரண்டு மன்னர்களில் ஒருவரான முதலாம் சார்லஸைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், ஒரே நூலைப் படித்துவிட்டு வேறு வேறு அரசரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஹியூம் தன்வரலாற்றில் சொன்னதால் நமக்குத் தெரிகிறது. சொல்லாமல் போன ஆசிரியர்கள் எத்தனையோ.

ஹியூமின் கதையில் பதிப்பாளர் தரப்பும் இருக்கிறது. தமிழ் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். 1763இல் மில்லர் இந்த நூலைச் சிறிய அளவில், ஆக்டேவோ என்று சொல்லும் எட்டு மடிப்புத் தாளில், எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டார். பிரதிகள் அளவுக்கு மீறிப் போடப்பட்டிருந்தன. அவை கிடங்கில் கிடக்கிறவரை அடுத்த திருத்திய பதிப்புக்கு வழியில்லை. ஹியூம் திருத்தங்களைத் தயாராக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். மில்லர் பேராசையால் இப்படிச் செய்தார், கையிருப்பு எவ்வளவு என்று உண்மையைச் சொல்லவில்லை என்று அவர் கடிதங்களில் பொருமியிருக்கிறார். இன்றைக்கும் இதே கதைதான். “எவ்வளவு மீதி இருக்கு?” என்று கேட்டால், “போயிட்டிருக்கு சார்” என்று பதில் வரும். கையிருப்புக் கணக்கு தெரியாத ஆசிரியரால் திருத்திய பதிப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்க முடியாது.

எட்வர்டு கிப்பனுக்கும் அதே ஸ்ட்ராஹன்தான் அச்சிட்டார். மில்லரின் இடத்துக்கு வந்த தாமஸ் கேடல் விற்றார். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய நூலின் முதல் தொகுதி 1776 பிப்ரவரியில் வந்தது. 500 பிரதி போதும் என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். ஸ்ட்ராஹன் அதை ஆயிரமாக்கினார். சில நாளிலேயே தீர்ந்துவிட்டது. அதே ஆண்டு இரண்டாம் பதிப்பு, 1777இல் மூன்றாம் பதிப்பு.

இந்த மூன்றாம் பதிப்பின் கணக்குச் சீட்டு தப்பிப் பிழைத்திருக்கிறது. 1777 ஏப்ரல் 30ஆம் தேதியிட்டது. பதிப்புத் தொழிலில் இருக்கிற யாரும் அதைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். அவ்வளவு பழக்கமான கணக்கு. ஆயிரம் பிரதி, ஒன்று 16 ஷில்லிங் வீதம் 800 பவுன் வரவு. செலவில் 90 பாரம் (மடித்துப் பக்கங்களாக்கும் முழு அச்சுத் தாள்) அச்சுக்கூலி, பாரத்துக்கு ஒரு பவுன் 6 ஷில்லிங் என்று 117 பவுன். 180 ரீம் தாள் 171 பவுன். விளம்பரமும் சில்லறைச் செலவும் 16 பவுன் 15 ஷில்லிங். கூடுதல் கவனத்தோடு மெய்ப்புப் பார்த்தவருக்கு 5 பவுன் 5 ஷில்லிங். மொத்தச் செலவு 310 பவுன், லாபம் 490. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 326 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ், கிப்பனுக்கு, மீதி வியாபாரிகளுக்கு.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் படுகிறது. ஒன்று, மெய்ப்புப் பார்த்தவருக்குப் போனது மொத்தச் செலவில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அந்த வேலையை நானும் பார்ப்பதால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன். ஆனால் வாதம் அதுவல்ல. ‘திருத்தினால் செலவாகும்’ என்று பதிப்பாளர் சொல்லும்போது எந்தச் செலவைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். பிழை பார்க்கிற செலவு எப்போதும் சொற்பம். பக்கம் புரண்டு, லேஅவுட்டைத் திரும்பச் செய்து, சொல்லடைவைப் புதிதாகப் போடுவதில்தான் காசு போகிறது. இரண்டாவது, அச்சுக்கூலி வரியிலேயே ‘குறிப்புகள் பக்கத்தின் அடியில்’ என்று எழுதியிருக்கிறது. முதல் இரண்டு பதிப்புகளில் குறிப்புகள் நூலின் கடைசியில் இருந்தன. ஒவ்வொரு குறிப்புக்கும் கடைசிப் பக்கத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, அடிக்குறிப்பாகப் போடச் சொல்லுங்கள் என்று ஸ்ட்ராஹனுக்கு எழுதியவர் ஹியூம். அப்போது அவர் சாகக் கிடந்தார். மூன்றாம் பதிப்பில் அப்படியே செய்தார்கள். பிற்காலத்தில் கிப்பன், இதற்கு இணங்கியிருக்க வேண்டாம் என்று வருந்தியது தனிக் கதை.

ஆக மூன்றாம் பதிப்பில் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் குறிப்புகள் இருக்கும் இடம்தான். இத்தனைக்கும் அந்த நேரத்தில் கிப்பனின் மேல் கல்மாரி பொழிந்துகொண்டிருந்தது. கிறிஸ்தவம் பரவியதைப் பற்றிய 15, 16ஆம் அத்தியாயங்கள் மதகுருமார்களைக் கொதிக்க வைத்திருந்தன. ஹென்றி டேவிஸ் என்ற இளைஞர் 1778இல் ஒரு நூலே எழுதி, கிப்பன் மேற்கோள்களைத் திரித்தார், பிறர் எழுத்தைத் திருடினார் என்று குற்றம் சாட்டினார். கிப்பன் அதற்காக அந்த அத்தியாயங்களைப் போய்க் குடையவில்லை. 1779இல் தனியாக ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார். அதைப் பெரிய குவார்ட்டோ அளவில் அச்சிட அவர் சம்மதிக்கவில்லை. காரணம் கேட்டால் ரசிப்பீர்கள்: மூல நூல் குவார்ட்டோ, மறுப்பும் அதே அளவில் இருந்தால் யாராவது இரண்டையும் சேர்த்து பைண்டு செய்து வைத்துவிடுவார்கள். சண்டை சண்டையோடு போகட்டும், நூல் தனியாக நிற்கட்டும் என்பது அவர் கணக்கு.

பதில் சொல்லத்தான் வேண்டும், ஆனால் நூலுக்குள் சொல்லத் தேவையில்லை என்கிற இந்த வழியைத் தமிழில் நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. ஒரு விமர்சகர் மூன்று பக்கக் கட்டுரை எழுதினால், நம் ஆசிரியர் அடுத்த பதிப்பின் முன்னுரையில் அவருக்கு ஏழு பக்கம் வசை எழுதுகிறார். பத்து வருஷம் கழித்து அந்த விமர்சகரை யாருக்கும் நினைவிருக்காது. முன்னுரை மட்டும் நூலில் ஒட்டிக்கொண்டே வரும்.

அதே சமயம் எல்லா விமர்சனத்தையும் வெளியே தள்ளவும் முடியாது. நூலின் வாதத்தோடு நேராக மோதுகிற விமர்சனத்துக்கு நூலுக்குள்ளேயே இடம் கொடுப்பது நல்லது. இதை அழகாகச் செய்தவர் ஈ.பி. தாம்சன். ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கம் உருவானதைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1963இல் கோலன்ஸ் வெளியீடாக வந்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல். மெதடிசம் என்ற கிறிஸ்தவப் பிரிவு, கைத்தறி நெசவாளர்களின் நிலை, வாழ்க்கைத் தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று ஒவ்வொன்றிலும் எதிர்ப்பு கிளம்பியது. 1968இல் பென்குயினின் பெலிகன் வரிசையில் காகித அட்டைப் பதிப்பு வந்தபோது தாம்சன் நூலின் கடைசியில் ஒரு பின்னுரை சேர்த்து, விமர்சகர்களுக்கு அங்கே பதில் சொன்னார். 1980இல் இன்னொரு முன்னுரை. நூலின் உடம்பு பழைய உடம்புதான். படிக்கிறவருக்கு 1963இல் என்ன சொன்னார், 1968இல் எதை ஒப்புக்கொண்டார், எதை விட்டுக்கொடுக்கவில்லை என்று எல்லாமே பிரிந்து தெரிகிறது.

பின்னுரை வழியில் பதிப்பாளருக்கும் லாபம் உண்டு. பழைய பக்கங்கள் நகராது. சொல்லடைவு அப்படியே இருக்கும். கடைசியில் ஒன்றோ இரண்டோ பாரம் கூடும், அவ்வளவுதான். மேற்கோள் காட்டியவர்களின் பக்க எண்ணும் பிழைக்கும். தமிழில் ஊர் வரலாறு, சாதி வரலாறு, கோயில் வரலாறு எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். குறைகளும் உண்டு. பின்னுரையை முதலில் படிக்கிறவர்கள் சொற்பம். 87ஆம் பக்கத்தில் ஒரு தப்பான தேதி இருந்து, அதைக் கடைசியில் மறுத்தால், 87ஆம் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் போகிற மாணவருக்கு அது தெரியப்போவதில்லை. அதனால் தேதி, பெயர், எண் போன்ற சான்றுப் பிழைகளை நூலுக்குள்ளேயே திருத்திவிட்டு, எந்தப் பக்கத்தில் எது எதுவாக மாறியது என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட வேண்டும். ஒரு பக்கப் பட்டியலுக்குப் பதிப்பாளர் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆசிரியர்கள்தான் கௌரவக் குறைச்சல் என்று தயங்குகிறார்கள்.

முழுத் திருத்தம் எப்போது நியாயம்? ரவுல் ஹில்பெர்க்கின் கதையைப் பார்க்கலாம். ஐரோப்பிய யூதர்கள் அழிக்கப்பட்டதைப் பற்றிய அவருடைய நூலைப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. கடைசியில் ஒரு குடும்பத்தின் நிதியுதவியோடு சிகாகோவின் குவாட்ராங்கிள் என்ற சிறு பதிப்பகம் 1961இல் அதைக் கொண்டுவந்தது. ஒரே தொகுதி, பக்கத்துக்கு இரண்டு பத்தியாக நெருக்கி அடித்த அச்சு. அதற்கப்புறம் ஆவணங்கள் குவிந்தன. ஹில்பெர்க் நூலை விடவில்லை. 1985இல் ஹோம்ஸ் அண்ட் மேயர் வெளியீடாக மூன்று தொகுதிகளில் திருத்திய பதிப்பு. 2003இல் யேல் பல்கலைக்கழக வெளியீடாக மூன்றாம் பதிப்பு. மூன்று பதிப்புக்கு மூன்று பதிப்பகம். ஒரே ஆசிரியர் நாற்பது வருஷம் ஒரு நூலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

புதிய ஆவணத்தைச் சேர்ப்பதற்காக என்றால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் முதல் பதிப்பில் ஹிட்லர் எடுத்த முடிவு, இட்ட உத்தரவு என்று வந்த இடங்கள் 1985 பதிப்பின் பாடத்திலிருந்து முறையாக நீக்கப்பட்டிருக்கின்றன என்று கிறிஸ்டோபர் பிரௌனிங் 1986இல் சுட்டிக்காட்டினார். அழிப்புக்கான முடிவு ஒரே தலையிலிருந்து வந்ததா, அதிகார இயந்திரம் எழுதப்பட்ட உத்தரவு இல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது அந்தத் துறையின் மையமான வழக்கு. வழக்கின் தீர்ப்பே மாறுகிறது. நூலின் பெயர் மாறவில்லை. ஹில்பெர்க்கின் புதிய நிலைப்பாடு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ‘ஹில்பெர்க் சொல்கிறார்’ என்று எழுதுகிற ஒவ்வொருவரும் எந்த ஆண்டு ஹில்பெர்க் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ரொமிலா தாப்பரின் வழி எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. அவருடைய இந்திய வரலாற்றின் முதல் தொகுதி 1966இல் பெலிகன் வெளியீடாக வந்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் படித்துத்தான் வளர்ந்தார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் அகழாய்வு, ஆரியர் பற்றிய விவாதம், அரசு உருவாக்கம் பற்றிய கோட்பாடு எல்லாமே மாறின. மாற்றியவர்களில் தாப்பரும் ஒருவர். 2002இல் அதே பென்குயினுக்கு அவர் கொடுத்தது வேறு பெயரில் வேறு நூல். பழையது 1526 வரை, மொகலாயர் வருகை வரை வரும். புதியது கி.பி. 1300உடன் நின்றுவிடுகிறது. கடந்த காலத்தை இதுவரை யார் யார் எப்படிப் பார்த்தார்கள் என்ற அத்தியாயத்தோடுதான் அது தொடங்குகிறது. 1966 நூலைக் குறை சொல்ல வேண்டியவர் அதைச் சொல்லலாம், 2002 நூலோடு வாதாட வேண்டியவர் அதோடு வாதாடலாம். இரண்டும் குழம்பாது. புது நூல் என்றால் புது ஒப்பந்தம், புது ராயல்டி விகிதம், புது முன்பணம் என்று ஆசிரியர் பேசவும் இடமிருக்கிறது. திருத்திய பதிப்புக்கு எத்தனை மாதம் உழைத்தாலும் பெரும்பாலும் பழைய விகிதம்தான் கிடைக்கும்.

ஆனால் எல்லா நூலுக்கும் இந்த வழி ஒத்துவராது. தொகுப்பு நூல்களுக்கு முழுத் திருத்தம்தான் சரி. ஐராவதம் மகாதேவனின் தொல்தமிழ்க் கல்வெட்டியல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் சென்னையின் க்ரியாவும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டன. திருத்தி விரிவாக்கிய பதிப்பின் முதல் தொகுதியை 2014இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில், 2006இல், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்திருந்தன. கல்வெட்டுத் தொகுப்பைத் தேடி வருகிறவர் கையில் இருக்கும் கடைசிப் பாடத்தைத்தான் கேட்பார். அங்கே பின்னுரை போட்டு அலையவிடுவது பாவம். அகராதி, கல்வெட்டுத் தொகுதி, ஆண்டு வரிசைப் பட்டியல், நூலடைவு எல்லாம் இந்த வகை.

இன்னொரு பக்கம், திருத்துவதற்கு ஆசிரியர் இல்லாத நூல். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935லும் 1937லும் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அவரே திருத்திய இரண்டாம் பதிப்பு 1955இல் வந்தது. 1975இல் அவர் காலமானார். விழுப்புரம் பக்கத்தில் சோழர் காலத்து எசாலம் செப்பேடுகள் கிடைத்தது 1987இல். இன்றைக்கும் கடையில் வாங்கினால் 1955 பாடம்தான் வருகிறது. அதில் கைவைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதற்குப் பிறகு கிடைத்தவை இவை என்று ஓர் அறிஞரைக் கொண்டு பத்துப் பக்கம் எழுதி முன்னால் சேர்ப்பதை யாரும் தடுக்கவில்லை. இங்கிலாந்தில் ஜே.ஆர். கிரீன் எழுதிய சுருக்கமான ஆங்கிலேய மக்கள் வரலாறு 1874இல் மாக்மில்லன் வெளியீடாக வந்து சக்கைப்போடு போட்டது. அவர் 1883இல் இறந்த பிறகு மனைவி ஆலிஸ் 1888இல் அதைத் திருத்தி வெளியிட்டார். ஆலிஸே தேர்ந்த வரலாற்று ஆசிரியர் என்பதால் அது பொருந்தியது. எல்லா வீட்டிலும் ஆலிஸ் இருப்பதில்லை. இங்கே நாட்டுடைமையான நூல்களின் நிலை இன்னும் மோசம்: யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால், கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பதிப்பை ஸ்கேன் செய்து போட்டுவிடுகிறார்கள். எந்தப் பதிப்பின் பாடம் என்று உள்பக்கத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

கேட்கும்போது கேட்ட அளவு மட்டும் அச்சிடுகிற பிஓடி முறை வந்த பிறகு ஹியூமின் கிடங்குப் பிரச்சினை பெரும்பாலும் ஒழிந்தது. ஐம்பது, நூறு பிரதி அடித்து விற்றுக்கொள்ளலாம். அதனால் இன்னொரு தொல்லை முளைத்திருக்கிறது. பிடிஎஃப் கோப்பில் ஒரு பத்தியை மாற்றிவிட்டு அடுத்த நூறை அடிக்கிறார்கள். அட்டையும் அதேதான், நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் அதேதான். சின்னப் பிழையைத் திருத்தினால் பழைய ஐஎஸ்பிஎன்னே போதும். பாடம் கணிசமாக மாறினால் புது எண் வாங்க வேண்டும் என்பதுதான் விதி. யாரும் சட்டை செய்வதில்லை. மின்னூலில் இன்னும் சுலபம், வாங்கினவரின் கருவியிலேயே பாடம் மாறிவிடும்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். எந்த வழியைத் தேர்ந்தாலும் அதைச் செய்யவிடுவதும் தடுப்பதும் அந்த நாலு பக்கத் தாள்தான். தமிழில் பல நூல்களுக்கு அந்தத் தாளே கிடையாது, வாய்ப்பேச்சில் முடிந்திருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில்தான் செல்லும். எழுதியதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் 19ஆம் பிரிவு கொள்கிறது. எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டாலும், தன் பெயரைக் கோரவும், தன் மதிப்பைக் குலைக்கும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆம் பிரிவு ஆசிரியருக்கு இடம் தருகிறது.

சட்டத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு. 2001 இறுதியில் என்சிஇஆர்டி வரலாற்றுப் பாடநூல்களிலிருந்து சில பகுதிகளை நடத்த வேண்டாம் என்று சிபிஎஸ்இ சுற்றறிக்கை அனுப்பியது. தாப்பர், ஆர்.எஸ். சர்மா, சதீஷ் சந்திரா, அர்ஜுன் தேவ் ஆகியோர் எழுதிய நூல்கள் அவை. எங்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். 2023இல் அரசியல் அறிவியல் பாடநூல்களிலிருந்து பகுதிகள் நீக்கப்பட்டபோது, அவற்றின் தலைமை ஆலோசகர்களான சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் தங்கள் பெயரை எடுத்துவிடும்படி கேட்டார்கள். அதற்கு இடமே இல்லை என்று என்சிஇஆர்டி பதில் சொன்னது. பாடநூல் எழுதுகிறவர் திருத்தும் உரிமையை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, அட்டையில் பெயரை மட்டும் தன்னுடையதாக வைத்திருக்கிறார் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும்.

தனியார் பதிப்பாளரிடம் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. அவருக்கு அரசியலைவிட அவசரம் அதிகம். ஒப்பந்தத்தில் நான் கேட்டு வாங்கச் சொல்வது சிலவே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையிருப்புக் கணக்கு எழுத்தில் வர வேண்டும். பிரதி இத்தனைக்குக் கீழே போனதும் ஆசிரியருக்குத் தகவல் சொல்லி, திருத்தம் தர மூன்று மாதமாவது அவகாசம் தர வேண்டும். அந்தப் பத்து நாள் கெடுவை ஒழிக்க வேறு வழியில்லை. எழுத்துப் பிழை தவிர ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் பாடத்தில் எதுவும் மாறக் கூடாது. மறுஅச்சா, திருத்திய பதிப்பா என்பதை உள்பக்கத்தில் ஆண்டோடு அச்சிட வேண்டும். லேஅவுட் கோப்பின் ஒரு படி ஆசிரியரிடம் இருக்க வேண்டும்; இல்லையென்றால், பதிப்பகம் மூடினாலோ கம்ப்யூட்டர் போனாலோ திரும்ப டைப் செய்கிற கொடுமைதான் மிஞ்சும். இந்த ஒன்றுக்கு மட்டும் பதிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், விட்டுவிட வேண்டாம்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு, தனக்குப் பின் நூலைத் திருத்தலாமா கூடாதா, திருத்தலாம் என்றால் யார், எந்தப் பதிப்பின் பாடத்தை வைத்து என்பதையும் ஆசிரியர் அதே தாளில் எழுதிவிடலாம். எழுபது வயதுக்காரரிடம் இதை எப்படிக் கேட்பது என்று பதிப்பாளர்கள் கூச்சப்படுகிறார்கள். அதனால் அவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்காமல் நாமே எழுதி நீட்டிவிடுவதுதான் சௌகரியம்.